பெரியவர்களின் மறதி: எதை விட்டுவிடலாம், எதை விடக்கூடாது

"வயசாயிருச்சு, மறதி வராம இருக்குமா?" என்று சொல்லி முடித்துவிடுவது ராமநாதபுரம் கரையில் தொண்டியிலிருந்து மூக்கையூர் வரைக்கும் உள்ள பழக்கம். இந்த ஒரு பேச்சால் இரண்டு வகை ஆட்கள் கெடுகிறார்கள். மாத்திரையில் சரியாகக்கூடிய கோளாறு உள்ளவர், யாரும் கவனிக்காமல் வருஷக்கணக்கில் திண்ணையிலேயே உட்கார்ந்திருக்கிறார். வயசின் நிதானம் மட்டும் உள்ளவரையோ "உங்களுக்கு ஒண்ணும் ஞாபகம் இல்லை, சும்மா இருங்க" என்று வேலையிலிருந்து ஒதுக்கிவிடுகிறோம். ஒதுக்கப்பட்ட பிறகு அவர் உண்மையிலேயே மங்கிப்போகிறார்.

இந்தியாவில் 60 வயதைத் தாண்டியவர்களில் 100-க்கு 7 பேருக்குச் சற்று மேல் டிமென்ஷியா, அதாவது நினைவும் யோசனையும் தேய்ந்து அன்றாட வேலையே தடுமாறும் நோய், இருப்பதாகத் தேசிய அளவிலான ஆய்வு சொல்கிறது. 65-க்கு மேல் ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை இந்த வாய்ப்பு ஏறக்குறைய இரட்டிக்கும். உங்கள் வீட்டுப் பெரியவர் எந்தப் பக்கம் என்று தெரிந்துகொள்ள ஒரு வழி உண்டு: போன வருஷத்து அவரோடு இந்த வருஷத்து அவரை ஒப்பிடுங்கள், அதுவும் அவர் ஆயுசெல்லாம் செய்த வேலையில். பக்கத்து வீட்டு எழுபது வயசுக்காரரோடு ஒப்பிட்டு ஒரு பயனும் இல்லை.

எந்த வயதில் என்ன மாறுகிறது

பிறந்த குழந்தையின் மூளை 350 முதல் 400 கிராம் இருக்கும். ஐந்தாறு வயதுக்குள் அது பெரியவர் மூளையின் அளவில் சுமார் 90 சதவீதத்தை எட்டிவிடும். அதற்குப் பிறகு முக்கியமாக நடப்பது கழிப்பதும் உறுதிப்படுத்துவதும்தான். பயன்படாத நரம்பிணைப்புகள் கழிகின்றன. பயன்படுபவை கொழுப்புறை போர்த்திக்கொண்டு வேகம் பெறுகின்றன. நெற்றிப்பக்க மூளையில் இந்த வேலை 25 வயது வாக்கில்தான் ஓய்கிறது. பின்விளைவை யோசிப்பது, ஆத்திரத்தை அடக்குவது எல்லாம் அந்தப் பகுதியின் பொறுப்பு. நீச்சலில் கெட்டிக்காரனான 17 வயசுப் பையன், காற்று மாறுவது தெரிந்தும் வத்தையை (சின்னப் படகை) திருப்ப மனசில்லாமல் இருப்பதில் இதற்கும் ஒரு பங்கு உண்டு.

மூன்று, மூன்றரை வயதுக்கு முந்தையது பெரும்பாலும் யாருக்கும் நினைவில் நிற்பதில்லை. பள்ளிப் பிள்ளைகளுக்கு ஒரே ஒரு குறிப்பு: படித்ததையே திரும்பப் படிப்பதைவிட, புத்தகத்தை மூடிவைத்துச் சொல்லிப் பார்த்தால்தான் நிற்கும். அன்றைக்கு ஒருமுறை, மறுநாள், மூன்றாம் நாள், ஒரு வாரம் கழித்து என்று இடைவெளி விட்டுச் சொல்லிப் பார்க்கட்டும். பகலில் படித்தது தூக்கத்தில்தான் நிலைப்படுகிறது. பரீட்சைக்கு முந்தின இரவைக் கண்விழித்துக் கழிப்பது நஷ்டக் கணக்கு.

யோசிக்கும் வேகம் இருபதுகளிலேயே உச்சத்துக்குப் போய் மெல்ல இறங்கத் தொடங்கும். வெளியே தெரிவது 40-க்கு மேல். தெரிந்த ஆளின் பெயர் நாக்கு நுனியிலேயே நிற்கும். இரண்டு வேலையை ஒன்றாகப் பார்த்தால் ஒன்று தவறும். ஆனால் சொல்வளமும் தொழிலறிவும் ஆளை எடைபோடும் திறனும் அறுபதுகள் வரைக்கும் கூடிக்கொண்டே போகும். ஏலக்கூடையைப் பார்த்த மாத்திரத்தில் சரியான விலை சொல்லும் 60 வயது மீன் வியாபாரிப் பெண்ணை 25 வயதுக்காரி முந்த முடியாது. சில்லறை எண்ணுவதில் வேண்டுமானால் முந்தலாம்.

60-க்கு மேல் மூளையின் அளவு ஆண்டுக்கு ஏறக்குறைய அரை சதவீதம் சுருங்குகிறது. புதுச் செய்தியைப் பதியவைக்கும் ஹிப்போகாம்பஸ் என்ற பகுதி முதுமையில் ஆண்டுக்கு 1 முதல் 2 சதவீதம் வரை சுருங்கலாம். ஆகவே ஸ்கேன் அறிக்கையில் "வயதுக்கேற்ற சுருக்கம்" என்று எழுதியிருந்தால் அதை மட்டும் வைத்து முடிவுக்கு வரவேண்டாம்.

ஒரு குழப்பத்தை இங்கேயே தீர்த்துவிடலாம். 1964 டிசம்பர் 22 இரவு தனுஷ்கோடியைப் புயல் அடித்ததை, காற்று எந்தப் பக்கம் திரும்பியது, யார் வீட்டு ஓலை எங்கே போய் விழுந்தது என்று அச்சுப்பிசகாமல் சொல்லும் பெரியவருக்கு, காலையில் இட்லியா பழைய சோறா என்பது தெரியாது. வீட்டில் உள்ளவர்கள் "அவ்வளவு பழசெல்லாம் தெரியுதே, ஞாபகசக்திக்கு என்ன குறை?" என்று நிம்மதி அடைகிறார்கள். அந்த நிம்மதிக்கு ஆதாரம் இல்லை. 10 முதல் 30 வயதுக்குள் நடந்தவைதான் எல்லாருக்குமே ஆழமாகப் பதிந்திருக்கும். பலமுறை சொல்லிச் சொல்லி அவை மூளையின் மேற்பரப்பெங்கும் பரவி ஊன்றியிருக்கும். டிமென்ஷியாவில் மிகப் பரவலான வகையான அல்சைமர் நோய் முதலில் கைவைப்பது இன்றைக்கு நடந்ததைப் பதியும் இடத்தில். பழங்கதையை வைத்து நோய் இல்லை என்று சொல்ல முடியாது. நேற்றைய சேதியைக் கேட்டுப் பாருங்கள்.

வேலையில் பாருங்கள்

சாவியை எங்கே வைத்தோம் என்று தேடுவது சாதாரணம். சாவியைக் கையில் வைத்துக்கொண்டு இது எதற்கு என்று நிற்பது சாதாரணமல்ல. இப்படிப் பொதுவாகச் சொல்வதைவிட, நம்மூர் வேலைகளில் எதைக் கவனிக்க வேண்டும் என்று சொல்வது உதவும்.

வலையோடு இருப்பவரிடம் முடிச்சைப் பார்க்காதீர்கள். கைப்பழக்கம் மூளையில் வேறு இடத்தில் இருக்கிறது. நோய் முற்றிய பிறகும் ஊசியைக் கையில் கொடுத்தால் விரல்கள் தாமாக ஓடும். எந்த மீனுக்கு எந்த வலைக்கண் அளவு, எந்த இடத்தில் வெட்டி எங்கிருந்து தொடங்குவது என்று தீர்மானிப்பதைப் பாருங்கள். கிழிசலைச் சரிசெய்ய உட்கார்ந்தவர் நல்ல இடத்தையும் வெட்டிவிட்டு விழிக்கிறாரா? கடலுக்குப் போகிறவராக இருந்தால், ஐஸ், டீசல், தண்ணீர் என்று சாமான் ஏற்றுவதில் ஒன்றை விடுவது கூடியிருக்கிறதா? கரையடையாளம் வைத்து வலை போட்ட இடத்துக்குத் திரும்புவதில் தடுமாறுகிறாரா?

சமையல் செய்கிறவரிடம் குழம்பின் ருசி முக்கியச் சாட்சி. உப்பு இரண்டுமுறை, புளி மறந்துபோனது, அடுப்பில் வைத்த பால் நினைவில்லை என்பது எப்போதோ ஒருமுறை நடந்தால் விட்டுவிடலாம். மாதத்தில் பலமுறை என்றால் குறித்துக்கொள்ளுங்கள். கோலத்தில் புள்ளிக்கணக்கு தப்புவதும் கோடு சேராமல் போவதும் இடம் உணரும் திறன் குறைவதன் அறிகுறியாகலாம். ஐந்து வேளை தொழுகிறவருக்கு ரக்அத் (தொழுகைச் சுற்று) எண்ணிக்கை அடிக்கடி தவறுவது, ஜெபமாலை சொல்கிறவர் ஒரே மணியிலேயே திரும்பத் திரும்ப நிற்பது, இவையும் அப்படியே. வீட்டில் வேறு யாரையும்விட அவர்களே இதை முதலில் உணர்ந்து, வெளியே சொல்லக் கூச்சப்படுகிறார்கள்.

பணக்கணக்கு பெரும்பாலும் முந்திக் கெடும். முதியோர் உதவித்தொகையை வாங்கி வந்தவர் அன்று மாலையே "இன்னும் வரலை" என்கிறாரா, அடகுச் சீட்டை மறுபடி மறுபடி தேடுகிறாரா, போனில் யாரோ கேட்டவுடன் ஓடிபி சொல்கிறாரா என்று பாருங்கள்.

மறதியே இல்லாமலும் நோய் தொடங்கும். 45-லிருந்து 65-க்குள் ஒருவர் முன்பு இல்லாதபடி கூச்சமில்லாமல் பேசுகிறார், இனிப்பை அள்ளித் தின்கிறார், வீட்டில் சாவு விழுந்தாலும் கலங்காமல் இருக்கிறார் என்றால், அது நெற்றிப்பக்க மூளையைத் தாக்கும் வகையாக இருக்கலாம். இல்லாத குழந்தைகளும் பூனையும் அறைக்குள் இருப்பதாகத் தெளிவாகச் சொல்வது, தூக்கத்தில் கைகால் உதறி அடிப்பது, நடை இறுகுவது, ஒரு நாள் தெளிவு மறுநாள் மந்தம் என்பதெல்லாம் சேர்ந்தால் டிமென்ஷியாவின் லூயி பாடி வகையைச் சந்தேகிக்க வேண்டும். இவர்களுக்கு ஹாலோபெரிடால் போன்ற மருந்துகள் கடும் விறைப்பையும் உயிராபத்தையும் கொண்டுவரலாம். ஊசி போடுமுன் "இல்லாததெல்லாம் தெரியுது என்கிறார், நடையும் மாறியிருக்கு" என்று டாக்டரிடம் முந்திச் சொல்லுங்கள்.

இந்த வகையைத்தான் நம் பக்கம் பேய், செய்வினை என்று ஏர்வாடி தர்காவுக்கு அழைத்துப் போகிறார்கள். துவா கேட்பதையோ நேர்ச்சை வைப்பதையோ யாரும் தடுக்க வேண்டியதில்லை. சங்கிலி போடுவதும் மருந்தை நிறுத்துவதும்தான் கூடாது. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் ஒரு காப்பகத்தில் பிடித்த தீயில் சங்கிலியில் கட்டப்பட்டிருந்த 28 பேர் இறந்தது இந்தக் கரையில் எல்லாருக்கும் தெரியும்.

வீட்டில் செய்து பார்க்கும் முறை

காலை வேளையில், வெளிச்சமான இடத்தில், பேரப்பிள்ளைகள் சுற்றி நின்று சிரிக்காத நேரத்தில் செய்யுங்கள். கண்ணாடி போடுபவர் போட்டுக்கொள்ளட்டும். முதலில் காது கேட்கிறதா என்று உறுதிசெய்துகொள்ளுங்கள். கேட்காததை மறந்ததாக எழுதிவிடக்கூடாது.

மூன்று சொற்களைச் சொல்லுங்கள்: வலை, தேங்காய், குடை. அவரைத் திருப்பிச் சொல்ல வையுங்கள். பிறகு ஐந்து நிமிஷம் வேறு பேச்சு. அப்புறம் கேளுங்கள். ஒன்று விட்டுப்போனால் உடனே விடையைச் சொல்லாமல் துப்பு கொடுங்கள்: "ஒன்னு கடல்ல பயன்படுறது, ஒன்னு சமையலுக்கு". துப்பு கொடுத்ததும் "ஆங், தேங்காய்" என்று வந்துவிட்டால், சாமான் பரணில் இருக்கிறது, எடுக்கத்தான் நேரமாகிறது. வயசிலும் மனச்சோர்விலும் தூக்கக் குறைவிலும் இப்படி ஆகும். துப்பு கொடுத்தும் வரவில்லை, "நீ எப்ப சொன்ன?" என்று கேட்கிறார் என்றால், சாமான் வீட்டுக்கே வந்து சேரவில்லை. டாக்டரிடம் போக இது போதுமான காரணம்.

அடுத்து, ஒரு நிமிஷத்தில் எத்தனை மீன் பெயர் சொல்ல முடிகிறது என்று எண்ணுங்கள். கரையில் வளர்ந்தவர் சூடை, சாளை, நெத்திலி, சீலா, பாறை, விளமீன், ஓரா, ஊழி, திருக்கை என்று முதல் 20 விநாடியில் கொட்டிவிட்டுப் பிறகு யோசிப்பார். எண்ணிக்கையையும் தேதியையும் எழுதி வையுங்கள். சொன்னதையே எத்தனைமுறை சொன்னார் என்பதையும் குறியுங்கள். ஆறு மாதம் கழித்து அதே நேரத்தில் மறுபடி செய்யுங்கள். சொற்கள் மூன்றையும் மட்டும் மாற்றிவிட வேண்டும். ஒருநாள் எண்ணிக்கை ஒன்றும் சொல்லாது. இறங்கிக்கொண்டே போனால்தான் சேதி.

ஆஸ்பத்திரியில் கடிகாரம் வரையச் சொல்வார்கள், 100-லிருந்து ஏழேழாகக் கழிக்கச் சொல்வார்கள். பென்சிலே பிடிக்காதவருக்கு இது நியாயமான சோதனை அல்ல. எத்தனாவது வரை படித்தவர் என்பதை முதலிலேயே சொல்லுங்கள். எழுத்தறியாதவர்களுக்கென்று இந்தியாவில் உருவாக்கப்பட்ட கேள்விமுறைகள் உண்டு. தேதி தெரியவில்லை என்று குறிப்பதற்கு முன் பிறையையோ அமாவாசையையோ கேட்கச் சொல்லலாம்.

திடீரென்று வந்தால் வயசைக் குற்றம் சொல்லாதீர்கள்

நேற்று நன்றாக இருந்தவர் இன்று பிதற்றுகிறார், நேரத்துக்கு நேரம் மாறுகிறார், பகலில் தூங்கி இரவில் எழுந்து அலைகிறார் என்றால் உடலில் வேறு ஏதோ நடக்கிறது. மூத்திரத்தில் கிருமி, நிமோனியா, உப்புச்சத்துக் குறைவு, சர்க்கரை இறக்கம், மூத்திரம் அடைத்துக்கொள்வது, நாள்கணக்கில் மலச்சிக்கல், புது மாத்திரை ஆகியவைதான் வழக்கமான காரணங்கள். வயசானவருக்குக் காய்ச்சலே இல்லாமல் குழப்பம் மட்டும் வரலாம். அன்றே ஆஸ்பத்திரி.

வாய் ஒருபக்கம் கோணுவது, ஒரு கை இறங்குவது, பேச்சு குழறுவது என்றால் பக்கவாதம். கட்டியைக் கரைக்கும் ஊசிக்கு நான்கரை மணி நேரம்தான் கெடு. ராமேஸ்வரத்திலிருந்து ராமநாதபுரத்துக்கே 55 கிலோமீட்டர். பாலம் தாண்டிப் போய்ச் சேருவதில் ஒரு மணி நேரத்துக்கு மேல் கரைந்துவிடும். எனவே வழியில் தெரிந்த கிளினிக்கில் நிறுத்தாமல் 108-ஐக் கூப்பிட்டு, "பக்கவாதம் போல இருக்கு, இத்தனை மணிக்கு ஆரம்பிச்சது" என்று சொல்லுங்கள். கடைசியாக நன்றாக இருந்த நேரம்தான் டாக்டருக்கு வேண்டிய முதல் தகவல். வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள், புரையேறும். தலைக்குச் சிடி ஸ்கேன் எடுக்கும் முன் ஆஸ்பிரின் கொடுக்காதீர்கள்; ரத்தக்கசிவாக இருந்தால் அது கெடுதி.

படகில் வழுக்கித் தலை அடிபட்டு, அன்று ஒன்றும் இல்லாமல் இருந்து, சில வாரம் கழித்துத் தலைவலியும் மந்தமும் தடுமாற்றமும் வந்தால், மண்டையோட்டுக்கும் மூளைக்கும் நடுவே மெதுவாக ரத்தம் சேர்ந்திருக்கலாம். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவருக்கும் குடிப்பவருக்கும் இது அதிகம். சிடியில் தெரியும், வடித்துவிட்டால் பெரும்பாலும் ஆள் தேறிவிடுவார். "போன மாசம் விழுந்தார்" என்பதை யாரும் சொல்லாததால் தவறவிடப்படும் நோய் இது.

குடியையும் இங்கே சொல்லிவிட வேண்டும். தினமும் அதிகம் குடிப்பவர் திடீரென நிறுத்தினால், முதல் நாளிலிருந்தே நாலாம் நாளுக்குள் நடுக்கம், வேர்வை, இல்லாதது தெரிவது, வலிப்பு எல்லாம் வரலாம். சாப்பிடாமல் குடித்துக்கொண்டே இருந்தவருக்கு வைட்டமின் பி1 வற்றி, நடை தள்ளாடி, பார்வை இரண்டாகி, பிறகு நினைவு நிரந்தரமாகப் போய்விடும். விட்டுப்போன இடத்தைக் கற்பனையால் நிரப்பிப் பேசுவார். தயமின் (அதாவது பி1) ஊசி முன்னாடியே போட்டால் தடுக்கலாம். குளுக்கோஸ் பாட்டில் ஏற்றுவதாக இருந்தால் "ரொம்ப நாளா குடி, சாப்பாடு இல்லை" என்று நர்சிடம் சொல்லிவிடுங்கள். தயமின் இல்லாமல் குளுக்கோஸ் மட்டும் போனால் நிலைமை மோசமாகலாம்.

சரிசெய்யக்கூடியவை

மறதியோடு வருகிறவருக்கு முதல் சுற்றில் கேட்டு வாங்கவேண்டிய பரிசோதனைகள்: ஹீமோகுளோபினோடு முழு ரத்தப் பரிசோதனை, சர்க்கரை, சோடியம், கிரியேட்டினின், கல்லீரல், தைராய்டுக்கு டிஎஸ்ஹெச், வைட்டமின் பி12, தேவைப்பட்டால் தலைக்கு சிடி.

பி12 பற்றி ஒரு வார்த்தை. "நாங்க மீன் தின்னு வளந்தவங்க, சத்துக்குறைவு எங்களுக்கு எப்படி?" என்பார்கள். மீனில் பி12 தாராளமாக இருக்கிறது, உண்மைதான். ஆனால் வருஷக்கணக்கில் சர்க்கரைக்கு மெட்ஃபார்மினும் நெஞ்செரிச்சலுக்குப் பான்டபிரசோலும் சாப்பிடுகிறவருக்கு அது உடலில் சரியாக ஏறாமல் போகலாம். கால் எரிச்சலும் மதமதப்பும் நாக்கு வழவழப்பும் கூட வந்தால் சந்தேகம் இன்னும் வலுக்கும்.

சோடியம் இன்னொன்று. ரத்த அழுத்தத்துக்கு நீர்பிரியும் மாத்திரை சாப்பிடும் வயதான பெண்களுக்குச் சித்திரை வெயிலில் அது இறங்கிவிடும். தள்ளாட்டமும் குழப்பமும் வரும். உப்பு அள்ளிப் போட்டுச் சரிசெய்ய முயலாதீர்கள், ரத்தப் பரிசோதனையோடுதான் சரிசெய்ய வேண்டும்.

வீட்டிலுள்ள எல்லா மாத்திரை அட்டைகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள், மருந்துக்கடையில் கேட்டு வாங்கிய சளி மாத்திரையையும் சேர்த்து. சளிக்கும் அரிப்புக்கும் வாங்கும் குளோர்பெனிரமின், அவில், தூக்கத்துக்கு அல்பிரசோலம், கைநடுக்கத்துக்கு டிரைஹெக்ஸிபெனிடில் ஆகியவை வயசானவர் மூளையை மந்தமாக்கும். அல்பிரசோலத்தை மட்டும் நீங்களாகச் சட்டென்று நிறுத்தாதீர்கள்; வலிப்பு வரலாம், டாக்டர் சொல்லும்படி படிப்படியாகக் குறைக்க வேண்டும்.

மனச்சோர்வு மறதி வேடம் போட்டு வரும். துணை இறந்தபின், படகை விற்றபின், கடலுக்குப் போவதை நிறுத்தியபின் வந்த மறதியில் இதை முதலில் நினைக்கவேண்டும். மனச்சோர்வில் இருப்பவர் "எனக்கு ஒண்ணுமே ஞாபகம் இல்லை" என்று தானே புலம்புவார். டிமென்ஷியா உள்ளவர் பெரும்பாலும் "எனக்கு என்ன? நல்லாத்தான் இருக்கேன்" என்பார், வீட்டார்தான் புலம்புவார்கள். நடை தரையில் ஒட்டினாற்போல் ஆகி, மூத்திரம் அடக்க முடியாமல், கூடவே மறதியும் வந்தால், மூளைக்குள் நீர் சேர்ந்திருக்கிறதா என்று ஸ்கேன் பார்க்கவேண்டும்.

எங்கே போவது? முதலில் ஆரம்ப சுகாதார நிலையம். ரத்த அழுத்தம், சர்க்கரைக்கு மக்களைத் தேடி மருத்துவம் வீட்டுக்கே வருகிறது, வரும் பெண்ணிடமே மறதியையும் சொல்லலாம். அடுத்து ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் பொது மருத்துவமும் மனநலமும். நரம்பியல் நிபுணர் தேவை என்று அனுப்பினால் மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனை. ஆண்கள் கரையில் இருக்கும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான மீன்பிடித் தடைக்காலம் இந்த அலைச்சலுக்கு வசதியான நேரம். போகும்போது ஒரு பக்கத் தாளில் எழுதிக்கொண்டு போங்கள்: எப்போது ஆரம்பித்தது, திடீரென்றா மெல்லவா, படி இறங்குவதுபோல் விட்டு விட்டுக் குறைகிறதா, எந்த வேலை கெட்டது, விழுந்தது உண்டா, குடி உண்டா. அவர் முன்னாலேயே குறை சொல்லாமல் அந்தத் தாளை நீட்டிவிடலாம்.

அல்சைமருக்குத் தரும் டொனெபிசில், மெமன்டின் மாத்திரைகள் நோயைப் போக்காது. சிலருக்குச் சிறிது காலம் நிலைமையைத் தாங்கிப் பிடிக்கும். டொனெபிசிலால் கெட்ட கனவு வந்தால் காலைக்கு மாற்றலாமா என்று கேளுங்கள். நாடித்துடிப்பு குறைந்து மயங்கினால் உடனே சொல்லுங்கள். வல்லாரைத் துவையல் சாப்பிடலாம், நல்ல கீரை. இந்த மாத்திரைகளுக்குப் பதிலாக அது நிற்காது.

40-லேயே தொடங்கவேண்டியது

2024-இல் லான்செட் ஆணையம் 14 காரணிகளைப் பட்டியலிட்டு, அவற்றைச் சரிசெய்தால் டிமென்ஷியாவில் 45 சதவீதம் வரை தடுக்கவோ தள்ளிப்போடவோ முடியலாம் என்றது. பதினான்கையும் ஒப்பிக்கப் போவதில்லை. நம் கரைக்கு முக்கியமானவை காது, ரத்த அழுத்தம், சர்க்கரை, குடி, புகை, தனிமை.

காதைத்தான் எல்லாரும் விட்டுவிடுகிறார்கள். டீசல் இன்ஜினுக்குப் பக்கத்தில் இருபது முப்பது வருஷம் உட்கார்ந்தவருக்கும், சங்கு குளித்தவருக்கும் காது மங்குவது சகஜம். கேட்காதவர் பேச்சிலிருந்து ஒதுங்குவார், மூளைக்குச் செய்தி போவது குறையும். முதலில் குறும்பியைப் பாருங்கள். ஊக்கு, தீக்குச்சி வேண்டாம், சொட்டுமருந்தில் ஊறவைத்து ஆஸ்பத்திரியில் எடுக்கட்டும். அதற்குப் பிறகும் கேட்கவில்லை என்றால் செவித்திறன் பரிசோதனை செய்து கருவி. மாற்றுத்திறனாளிகள் நலத் துறை வழியாகவும் கருவி கிடைக்கிறது. வாங்கிய முதல் வாரம் தினம் ஒரு மணி நேரம், பிறகு கூட்டிக்கொண்டே போகவேண்டும். முதல் நாளே ஏலக்கூடத்துக்குப் போட்டுக்கொண்டு போனால் இரைச்சல் தாங்காமல் அலமாரியில் போட்டுவிடுவார்.

ரத்த அழுத்தத்தின் மேல் எண்ணை நடுவயதிலிருந்து 130 வாக்கில் வைத்திருக்கச் சொல்கிறார்கள். உப்பு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள், அதாவது தலைதட்டிய ஒரு டீஸ்பூன், எல்லாம் சேர்த்து. ஒரு கருவாட்டுக் குழம்பிலேயே அது தீர்ந்துவிடும். கருவாட்டை வெந்நீரில் ஊறவைத்து, தண்ணீரை மாற்றி மாற்றிக் கழுவி, குழம்பில் தனி உப்பைக் குறையுங்கள். முழுக்க விடு என்றால் யார் கேட்கப் போகிறார்கள்?

நடைக்கு ஆதாரம் உண்டு. 2011-இல் வெளிவந்த ஓர் ஆய்வில் முதியவர்கள் வாரம் மூன்று நாள் 40 நிமிஷம் வீதம் ஓராண்டு நடந்தபோது ஹிப்போகாம்பஸின் முன்பகுதி சுமார் 2 சதவீதம் பெருத்தது. மணலில் நடப்பது முழங்காலுக்கும் தடுமாற்றத்துக்கும் கெடுதி. விடியற்காலை ஈரமான இறுகிய கரையோ ரோட்டோரமோ போதும். பேச்சுத்துணையோடு நடந்தால் தனிமையும் தீரும்.

நோய் என்று தெரிந்த பின் வீட்டில்

புதிதாக ஒன்றைப் பதியவைக்க இடைவெளி முறை உதவும். "சாவி எங்கே? ஜன்னலோரக் கொக்கியில்." இந்தக் கேள்வி-பதிலைச் சொல்லி, உடனே கேளுங்கள், பிறகு 30 விநாடி, 1 நிமிஷம், 2, 4, 8, 15 என்று இரட்டித்துப் போங்கள். தவறினால் திட்டாமல் சரியான பதிலைச் சொல்லி, கடைசியாகச் சரியாகச் சொன்ன இடைவெளிக்குத் திரும்புங்கள். ஒரு நேரத்தில் ஒரே ஒரு சேதி. "யோசிச்சுப் பாருங்க, யோசிச்சுப் பாருங்க" என்று ஊகிக்க வைக்காதீர்கள். தவறான ஊகம்தான் பதிந்துவிடும்.

ஒரே கேள்வி பத்து முறை வரும். "தம்பி கரைக்கு வந்துட்டானா?" ஒவ்வொருமுறையும் ஒரே சொற்களில், சுருக்கமாக, "நாளைக்குக் காலைல வருவான் அப்பத்தா" என்று சொல்லிச் சுவரில் தொங்கும் பலகையைக் காட்டுங்கள்; அதில் அதே வாக்கியம் பெரிய எழுத்தில் இருக்கட்டும். படிக்கத் தெரியாதவருக்குத் தம்பியின் போட்டோவும் சூரியன் படமும். "இப்பத்தானே சொன்னேன், ஞாபகம் இல்லையா?" என்பதை வீட்டிலிருந்தே எடுத்துவிடுங்கள். இறந்துபோன கணவரைத் தேடினால், இறந்த சேதியை மறுபடி சொல்வது ஒவ்வொருமுறையும் புதுச்சாவு. "தாத்தா கடலுக்குப் போறப்ப என்ன கட்டிக் குடுப்பீங்க?" என்று கேட்டால் பேச்சு அங்கே நகரும்.

அந்தி மங்கும்போது பதற்றம் கூடும். இருட்டுவதற்கு முன்பே விளக்கைப் போடுங்கள், மாலைக் காப்பியை மூன்று மணிக்குள் முடியுங்கள், பகல் தூக்கம் அரை மணிக்குள் இருக்கட்டும்.

வெளியே போய்விடுவதுதான் கரையில் பெரிய ஆபத்து. கடலுக்குப் போனவர் விடியலுக்கு முன் எழுந்து பழைய நேரத்துக்குப் பழைய இறங்குதுறைக்கே நடப்பார். வாசல் கதவின் மேல்பக்கம் ஒரு தாழ்ப்பாள், திறந்தால் ஒலிக்கும் மணி. ஆனால் உள்ளே தனியாக வைத்துப் பூட்டிவிட்டுப் போகாதீர்கள். போன் எண் பொறித்த வளையமோ டாலரோ எப்போதும் உடம்பில் இருக்கட்டும். டீக்கடை, ஆட்டோ ஸ்டாண்டு, பள்ளிவாசல் அல்லது கோயில் வாசல், இறங்குதுறை ஆகிய நாலு இடத்திலும் முன்கூட்டியே சொல்லிவையுங்கள். காணவில்லை என்றால் முதலில் தண்ணீர்ப்பக்கம்: கரை, ஊருணி, கிணறு. ஒருவர் அங்கே, ஒருவர் பஸ் ஸ்டாண்டுக்கு, ஒருவர் வீட்டிலேயே. அரை மணிக்குள் கிடைக்காவிட்டால் 112. 24 மணி நேரம் காத்திருக்கத் தேவையில்லை. ராமேஸ்வரத்தில் அமாவாசைக் கூட்டத்தில் அழைத்துப் போவதாக இருந்தால், அன்று போட்டிருக்கும் சட்டையோடு காலையிலேயே ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்.

துபாயிலும் சிங்கப்பூரிலும் இருந்து பார்ப்பவர்களுக்கு

கீழக்கரையிலும் தொண்டியிலும் பல வீடுகளில் வாப்பாவும் உம்மாவும் இங்கே, பிள்ளைகள் அங்கே. போனில் "சாப்பிட்டீங்களா, நல்லா இருக்கீங்களா" என்று கேட்டால் "எல்லாம் ஆச்சு, நல்லா இருக்கோம்" என்றுதான் வரும். அந்தப் பதிலுக்கு ஞாபகமே தேவையில்லை. "இன்னைக்கு என்ன மீன் வாங்குனீங்க, என்ன விலை?", "நேத்து வீட்டுக்கு யாரு வந்தா?" என்று கேளுங்கள். வீடியோவில் பாருங்கள்: ஒவ்வொரு கேள்விக்கும் வாப்பா உம்மாவின் முகத்தைத் திரும்பிப் பார்த்துவிட்டுப் பதில் சொல்கிறாரா? டாக்டர்களும் கவனிக்கும் அடையாளம் அது. போன மாதம் சொன்னதை இந்த மாதம் புதுசு போலச் சொல்கிறாரா என்பதைத் தேதியோடு குறித்துவையுங்கள். ஊருக்கு வரும்போது ஃபிரிட்ஜைத் திறந்து பாருங்கள், மாத்திரை டப்பாவில் மிச்சத்தை எண்ணுங்கள், பாஸ்புக்கைப் புரட்டுங்கள்.

சந்தேகம் இருந்தால் வங்கிக் கணக்கைக் கூட்டுக் கணக்காக்குவதும் நிலப் பத்திரத்தைப் பேசி முடிப்பதும் அவருக்குத் தெளிவு இருக்கும்போதே, அவர் சம்மதத்தோடு நடக்கவேண்டும். பார்த்துக்கொள்கிறவர் பெரும்பாலும் ஒரே மருமகளோ மகளோதான். வாரத்துக்கு ஒரு முழு நாள் அவரை விடுவிக்க ஆள் வையுங்கள், பணம் மட்டும் அனுப்பினால் போதாது. முதியோர் உதவி எண் 14567-லும், மனநல ஆலோசனைக்கு 14416-லும் தமிழில் பேசலாம், கட்டணம் கிடையாது.